நிறுத்தத் தெரியாத சுரப்பு

செப்டம்பர் 3, புதன்

ஞாயிற்றுக்கிழமை தெற்குத் தெரு நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. நானூறு சகன். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே தாலத்தில் சாப்பிடுகிற எங்கள் கீழக்கரைப் பந்தியில் ஆளைக் கணக்கெடுப்பதில்லை, சகனைத்தான் கணக்கெடுப்போம். கடைசி சகன் எழுந்தபோது பிரியாணி ஆக்கிய தேக்சாக்களில் ஒரு பிடி மிஞ்சவில்லை, யாருக்கும் குறையவுமில்லை. கல்யாணச் சமையலுக்குப் பண்டாரி என்றால் சீனி அசனார்தான் என்று மாப்பிள்ளையின் வாப்பா என்னைக் காட்டி, நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். பெருமைக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமையை எழுத முடியாவிட்டால் டைரி எதற்கு?

ருக்கையாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. நாலு வாய்க்கு மேல் போனால் நெஞ்சிலேயே நிற்கிறது என்கிறாள். சாப்பிடாதவளுக்கு வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பெண்கள் பந்தியில் யாரோ ஒரு அம்மா அவளை ஓரமாக அழைத்து, எத்தனை மாசம் என்று கேட்டாராம். இவளுக்கு வயது நாற்பத்தொன்பது. மகள் ஜெஸிமாவுக்கே இரண்டு பிள்ளைகள். ஆண்பிள்ளை பிறந்தால் உங்கள் வீட்டுக்குத்தான் பெண் கேட்டு வருவேன் என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் அதை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அப்புறம் உள்ளே போய் சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துவிட உட்கார்ந்தாள். இந்த வருஷத்தில் அந்தச் சட்டைகளைப் பிரிப்பது இது முதல் தடவை இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றுக்குள் நீர் மாதிரி ஏதோ தேங்கியிருக்கிறதாம். சினைப்பை இரண்டும் வீங்கியிருக்கிறதாம். மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எதற்கும் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை.

நெய்னாவும் கூட வருகிறான். ருக்கையாவின் தம்பி. இரும்புக்கடை வைத்திருக்கிறான். ஐந்து வக்துத் தொழுகையில் ஒரு நிமிஷம் தப்பமாட்டான், அடுத்தவன் தப்பினால் சும்மா விடவும் மாட்டான். இந்த டைரியில் அவனைப் பற்றி எழுதியதே கிடையாது, காரணம் அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை. அவன் நிக்காஹுக்கு நான் ஆக்கிய பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. ஒரே ஒரு தேக்சாதான். அதை அவன் மாப்பிள்ளை மேடையிலிருந்து எழுந்து வந்து சபையில் சொன்னான். நானும் சபையில் பதில் சொன்னேன். அதோடு சரி. இப்போது அவன் மகனுக்கே மீசை முளைத்துவிட்டது.

எங்கள் ஊர் வழக்கப்படி நான் இருப்பது ருக்கையாவின் வீட்டில். மாப்பிள்ளையாக வந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. தம்பியும் தெரு தாண்டித்தான் இருக்கிறான், தினமும் வருவான். வந்தால் பேச்சு முழுக்க அவள் வழியாகத்தான். இன்றைக்கும் அப்படித்தான்: "லாத்தா, மதுரைக்கு வண்டி சொல்லிட்டேன், அவங்ககிட்ட சொல்லிருங்க." அவங்க என்பது இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் எண்ணிக்கொண்டிருந்த நான். "வண்டியில ஏசி இருக்கான்னு அவன்கிட்ட கேளு" என்றேன். ருக்கையா இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எனக்கு வலிக்குது, நீங்களே பேசித் தொலைங்க என்றாள். வலிக்கிறது என்று அவள் சொல்லி இன்றுதான் கேட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. காலையில் ஒரு சின்ன டாக்டர் ருக்கையாவின் வயிற்றில் ஊசி போட்டு நீரை இழுத்துப் பார்த்தார். ஏறவில்லை. தடித்த ஊசி கொண்டுவந்து இழுத்தார். கொஞ்சம் ஏறியது. நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி பாதி உறைந்து நிற்குமே, அது மாதிரி மஞ்சளாக, தளதளவென்று. சின்ன டாக்டர் அதை எடுத்துக்கொண்டு போய், ஒரு பெரிய டாக்டரோடு திரும்பி வந்தார்.

டாக்டர் தமயந்தி. ஆபரேஷன் டாக்டர். குட்டை உருவம், கட்டைக் குரல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சினைப்பையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அப்பெண்டிக்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலி வந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்தாயிற்று. எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார்கள், எல்லா ஆஸ்பத்திரியிலும் காட்டுவது போல. பெருவிரலை விடத் தடிமனாக இருந்தது. வீங்கிவிட்டது, நல்லவேளை எடுத்தோம் என்றார்கள்.

அதைப் பரிசோதனை செய்த ரிப்போர்ட் எங்கே என்றார். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். இந்த ஜெல்லி இரண்டு இடத்திலிருந்து வரலாம். சினைப்பையில் புற்று வந்து அது சுரந்தால் ஒரு கதை: முதலில் மருந்து ஏற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் கத்தி. அப்பெண்டிக்ஸில் வந்த கட்டி வெடித்துச் சிந்தியதென்றால் வேறு கதை: பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருவது, மெதுவானது, ரத்தத்தில் ஏறி ஓடாது, அந்த மருந்துக்கும் மசியாது. அதற்கு உடனே ஒரே ஒரு பெரிய ஆபரேஷன். முதல் கதை என்று நினைத்து இரண்டாவதற்கு வைத்தியம் பார்த்தால் உடம்பும் போகும், நாளும் போகும். இழுத்தெடுத்த ஜெல்லியில் செல் எதுவும் அகப்படவில்லை, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த அப்பெண்டிக்ஸ் கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

எத்தனையோ ஆயிரம் ஆட்டைச் சுத்தம் செய்த கை இது. ஆட்டுக்கு அப்படி ஒரு உறுப்பே கிடையாது. பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில் பை இருக்கும், அதற்கு வால் இருக்காது. சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு வாலைத் தேடி ஒரு பெரிய ஆஸ்பத்திரி நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

சின்ன ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஜாடியில் போட்டு வழக்கம்போல ஆள்களிடம் கொடுத்துவிட்டோமே என்றார்கள். லேபுக்கு நாங்கள்தான் கொண்டுபோக வேண்டுமாம். அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் செய்கிற காரியம் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். கொடுத்தது யாரிடம்? எனக்கு அன்று ஒரு வலீமா விருந்துச் சமையல். ஆஸ்பத்திரியில் நின்றது நெய்னா.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவனிடம் ருக்கையா கேட்டாள். நெய்னாவின் முகம் வெளிறிவிட்டது. சொன்னான். உங்கள் பேஷண்டுடையது என்று நர்ஸ் ஜாடியைக் கையில் வைத்தபோது, அதில் இருப்பது தன் லாத்தாவின் உடம்பு என்று மட்டும்தான் அவனுக்குப் பட்டிருக்கிறது. மனுஷ உடம்பிலிருந்து எடுத்ததை மண்ணில் அடக்க வேண்டும், குப்பையில் போகக்கூடாது. ஜாடியைத் திறக்க மனசு வராமல், அப்படியே வெள்ளைத் துணியில் சுற்றி, எங்கள் கொல்லையில் கிணற்றுச் சுவரோரம் குழி வெட்டி, ஓத வேண்டியதை ஓதி அடக்கிவிட்டான். கால் மிதிக்கக்கூடாதென்று சுற்றி நாலு செங்கல் வேறு பதித்திருக்கிறான்.

அந்த நாலு செங்கல்லை எனக்குத் தெரியும். விறகு அடுக்க யாரோ வசதி செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, இரண்டு வருஷமாக அதன் மேல் புளிய விறகு அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"மூடி திறக்கலையே? உள்ளே இருந்த மருந்துத் தண்ணி அப்படியே இருக்கா? பாய், உடனே போய்த் தோண்டுங்க."

செப்டம்பர் 13, சனி

விறகை நான் நகர்த்தினேன். மண்ணை நெய்னா எடுத்தான், மண்வெட்டி பட்டுவிடும் என்று கையாலேயே. துணி மக்கிப் போயிருந்தது. ஜாடி அப்படியே இருந்தது. மருந்துத் தண்ணீர் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அதற்குள் அந்தப் பெருவிரல். இரண்டு வருஷ மழையும் என் விறகுப் பாரமும் அதை ஒன்றும் செய்யவில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலேயே விட்டிருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். என் கையில் கொடுத்திருந்தால், வலீமா அவசரத்தில் எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரிந்திருக்காது. செய்தது தவறுதான். ஆனால் இந்த ஒருத்தன் மட்டும்தான் அதை வைத்திருக்க முடியும். இதை நான் அவனிடம் சொல்லவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

மதுரை வரை ஜாடியை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். வழியில் டீக்கு நிறுத்தினோம், அவன் இறங்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மரைக்காயர் வீட்டு வலீமாவை விட்டுக்கொடுத்துவிட்டேன். இடுப்பு வலி.

செப்டம்பர் 17, புதன்

அக்டோபரில் இருந்த இரண்டு நிக்காஹையும் விட்டுக்கொடுத்துவிட்டேன். இடுப்பு வலிதான். லாட்ஜ் மெத்தை சரியில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று பார்த்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

லேபில் பெரியவர் டாக்டர் பால்ராஜ். ஜாடியிலிருந்ததைச் சன்னச் சன்னமாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுகளில் ஒட்டியிருக்கிறார்கள். தமயந்தி டாக்டர் என்னையும் கூட்டிப் போனார். கொல்லையில் புதைத்து வைத்தவர்கள் ஆயிற்றே, வந்து பாருங்கள் என்று பால்ராஜ் டாக்டர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது.

வெளிர் நீலத்தில் ஒரு குளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் குளம். அதன் கரையில் ஊதா நிறத்தில் மெல்லிய கோடு, கைவிரலில் மருதாணி வைக்கும்போது குச்சியால் இழுக்கிற கோடு மாதிரி, ஒழுங்காக, வரிசையாக. அழகாக இருந்தது. என் மனைவியைக் கொல்ல வந்தது அழகாக இருந்தது என்று எழுதுகிறேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் இருந்தது.

அந்தக் கோடுதான் கட்டி என்றார் பால்ராஜ் டாக்டர். குளம் அது சுரந்தது. "குடலோட வேலையே வழுவழுப்பு சுரக்கறதுதான் பாய். இதுவும் அதே வேலையைத்தான் செய்யுது. நிறுத்தத் தெரியல, அவ்வளவுதான்." சுரந்து சுரந்து வால் நிறைந்து, வெடித்து, வயிறு பூராவும் கசிந்திருக்கிறது. கசிந்தது கூடவே கோட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய், போன இடத்தில் எல்லாம் சுரந்திருக்கிறது. சினைப்பை வீக்கம் அதனால்தான். நல்ல ரகம் என்றார். இதில் போய் நல்ல ரகம். மூர்க்கமில்லாதது, ஆழமாகத் துளைக்காதது என்று அர்த்தமாம்.

தமயந்தி டாக்டர் வெளியே வந்து சொன்னார்: "இனி யோசிக்க ஒன்னுமில்ல. ஆபரேஷன்தான்."

மயிரிழை அகலம்கூட இல்லாத ஒரு கோடு, ஒரு மனுஷியின் சட்டைத் தையல்களைப் பிரிக்க வைத்திருக்கிறது. லாட்ஜ் வரை நடந்தே வந்தேன். ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஆபரேஷன் எப்படி என்று தமயந்தி டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வயிற்றை மேலிருந்து கீழ்வரை திறப்பார்கள். ஜெல்லியை அள்ளுவார்கள். உள்சுவர் முழுக்க ஒட்டியிருக்கிற சவ்வில்தான் அது பிடித்திருக்கும், அந்தச் சவ்வை உரித்தெடுப்பார்கள். குடலைப் போர்த்திய வலைக்கொழுப்பு, கருப்பை, சினைப்பைகள், மண்ணீரல், தேவைப்பட்டால் பித்தப்பை. கண்ணுக்குத் தெரிகிற எதையும் விடமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாததற்குக் கடைசியாக ஒரு வேலை: மருந்து கலந்த நீரை நாற்பத்திரண்டு டிகிரிக்குச் சூடாக்கி, வயிற்றுக்குள் ஒன்றரை மணி நேரம் ஓட விடுவார்கள்.

அந்தச் சூட்டை நான் யோசித்துப் பார்த்தேன். விரலை விட்டால் பொறுக்கும், விட்டு வைத்தால் பொறுக்காது. ஒரு டிகிரி ஏறினால் குடல் வெந்துவிடும், இறங்கினால் மருந்து வேலை செய்யாது. அதற்கென்று மெஷின் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு ஆள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார் என்றார். ஈரலைப் பொத்தியிருக்கிற சவ்வைக் கிழியாமல் உரிக்க எனக்கும் தெரியும். அது செத்த ஆட்டில். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற உடம்பில் ஒரு நாள் முழுக்க நின்று உரிக்கப் போகிறவரின் கையைப் பார்த்தேன். சின்னக் கை. மோதிரம் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். சிறுகுடலில் அது அதிகம் ஒட்டுவதில்லையாம். குடல் அசைந்துகொண்டே இருக்கிறது, அசைகிற இடத்தில் அதற்குக் காலூன்ற முடியாது. ஓரமாக, பள்ளமாக, சும்மா இருக்கிற இடத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் இந்த ஆபரேஷனே சாத்தியம், குடல் போனால் மனுஷர் இல்லை. சுப்ஹானல்லாஹ். நாம் ஒன்றும் செய்யாமலே அது அசைந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அடிப்பள்ளத்தில், ஆசனவாய்க்கு மேலே உள்ள குடலில் மட்டும் ஒட்டியிருக்கலாம். அப்படியிருந்தால் அதை வெட்டி இணைத்து, இணைத்தது ஆறும் வரை சில மாதங்களுக்கு வயிற்றில் ஒரு வழி வைத்துப் பை மாட்ட வேண்டியிருக்கும். அந்த வழியாக மலம் வந்து சேரும் பை.

ருக்கையா அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கருப்பைக்கு ஆட்டினாள், மண்ணீரலுக்கு ஆட்டினாள். பைக்கு ஆட்டவில்லை. ரூமுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அசுத்தத்த வயித்துல கட்டிக்கிட்டு நான் எப்படி முசல்லாவுல நின்னு தொழுறது? அது மட்டும் வேணாம். கொஞ்சம் உள்ள மிஞ்சினாலும் மிஞ்சட்டும். அவங்க வெளிய வந்து கேட்டா, வேணாம்னு நீங்க சொல்லணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

அக்டோபர் 7, செவ்வாய்

காலை: சுபுஹு தொழுதுவிட்டு ருக்கையா உள்ளே போனாள். ஸ்ட்ரெச்சர் திரும்பும்போது, இடுப்பு வலி எப்படியிருக்கிறது என்று கேட்டாள். அந்த இடுப்பு வலியை இவள் ஒரு நாளும் நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நெய்னாவும் நானும் பெஞ்சின் இரண்டு நுனியில் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் அவள் இல்லாததால் பேச்சு இல்லை. காலையில் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை நடுவில் வைத்துவிட்டுத் தன் நுனிக்குப் போனான்.

மாலை, அஸருக்குப் பிறகு: தமயந்தி டாக்டர் வெளியே வந்தார். பச்சை உடை முழங்கால் வரை நனைந்திருந்தது. பின்னால் இரண்டு பேர் பெரிய எவர்சில்வர் பேசின்களைத் தூக்கி வந்தார்கள். பார்க்கிறீர்களா என்றார். பார்த்தேன். ஒரு பேசின் நிறைய ஜெல்லி, பொன் நிறத்தில், விளக்கு வெளிச்சம் அதற்குள் போய் நின்றது. இன்னொன்றில் தட்டையாக, கனமாக, தோசைக்கல் அகலத்துக்கு ஒன்று. வலைக்கொழுப்பு எது என்று எனக்குத் தெரியும், ஆட்டில் அது சல்லடை மாதிரி மெலிசாக இருக்கும். இது பலகை. வயிற்றுக்குள் சிந்தியதையெல்லாம் தன் மேல் இழுத்து வாங்கிக்கொண்டு இப்படி ஆகியிருக்கிறதாம். நாலு அண்டா ஆக்கிய ஆள் நான், குனிந்தவன் நிமிர நேரமாயிற்று. பயத்தில் இல்லை. பயத்திலும்தான்.

பிறகு டாக்டர் பேசினார். ஈரலுக்கு மேலே சுத்தம். வலது பக்கம் சுத்தம். எல்லாம் எடுத்தாயிற்று, ஒரு இடம் பாக்கி. அடிக்குடல்.

"எடுத்தா முழுசா முடியும், பை வைக்கணும். விட்டா பை வேண்டாம், ஆனா அது அங்கேர்ந்து திரும்ப சுரக்கும். அவங்க வேண்டாம்னாங்கன்னு எனக்குத் தெரியும். சுத்தம்னா என்னன்னு உங்க மார்க்கம் சொல்றத நான் சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க. ரொம்ப நேரம் இல்ல."

 என் கையைப் பிடித்து அவள் கேட்டபோது சரி என்று சொன்னவன் நான். வேண்டாம் என்று சொன்னால் அவள் வார்த்தை நிற்கும், அவள் நிற்பாளா? வேண்டும் என்று சொன்னால் கண் விழித்ததும் என் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? பெஞ்சின் அந்த நுனியில் நெய்னா எழுந்து நிற்பது தெரிந்தது. ஒரு நிமிஷம் தொழுகை தப்பினால் விடாதவன். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அவன் என் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்த்துப் பேசினான். அவன் நிக்காஹுக்குப் பிறகு முதல் தடவையாக.

"மச்சான், பையோட தொழுதாலும் தொழுகை கூடும். உடம்புக்கு முடியாதவங்களுக்கு அல்லாஹ் லேசாத்தான் வச்சிருக்கான். ஒவ்வொரு வக்துக்கும் பையச் சுத்தம் பண்ணி, கை கால் கழுவி உளூ செஞ்சாப் போதும். தொழுகை எங்கயும் போகாது. அவங்க போயிட்டா தொழுறதுக்கு யாரு?"

நான் டாக்டரிடம் சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன். என் பெயரின் கீழே நெய்னாவும் போட்டான், அவனை யாரும் கேட்கவில்லை.

இரவு, இஷாவுக்குப் பிறகு: சூடான மருந்து ஓடி முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். தையல் போடுகிறார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு மனுஷி திறந்து கிடந்தாள். இத்தனை பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். உள்ளே இருந்ததில் பாதி வெளியே வந்துவிட்டது, அவள் இருக்கிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். என்னைப் பார்த்தாள், நெய்னாவைப் பார்த்தாள். பிறகு கையைப் போர்வைக்குள் விட்டு வயிற்றைத் தடவினாள். கை அங்கேயே நின்றது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 10, வெள்ளி

பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 11, சனி

களைப்புத்தான். நர்ஸிடம் மட்டும் பேசுகிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பை காலையில் காற்றால் உப்பியிருந்தது. தமயந்தி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். இத்தனை அறுத்து உரித்துச் சுட வைத்த பிறகும் அது தானாக எழுந்து அசைந்துவிட்டது. நான் அந்தப் பையை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ருக்கையா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பேசாததை நான் களைப்பு என்று எழுதினேன். களைப்பு இல்லை. நான் வாக்குத் தவறியவன், அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் 13, திங்கள்

பக்கத்துப் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். ருக்கையா சுவரிலிருந்து திரும்பினாள்.

"சரின்னு சொன்னது யாரு?"

"நான்" என்றேன். "நான்தான் லாத்தா" என்றான் நெய்னா. இருவர் குரலும் ஒன்றாக வந்தன. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரை நம்புவதென்று அவள் தேடவில்லை, எனக்கு அப்படித்தான் பட்டது.

தொழ முகம் திருப்ப வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நெய்னாவுக்குத் தெரிந்தது, அவளை இந்த ரூமுக்குக் கொண்டுவந்த அன்றே பார்த்து வைத்திருக்கிறான். நர்ஸ் பையைச் சுத்தம் செய்து கொடுத்தார். கட்டிலைத் திருப்பினோம். உளூ செய்விக்க நான் தண்ணீரை எடுத்தேன், நெய்னா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நாங்கள் ஷாபி மத்ஹபு என்கிற சட்ட வழி. புருஷன் தொட்டால் உளூ முறியும், கூடப் பிறந்தவன் தொட்டால் முறியாது. இரும்பு பிடித்துக் காய்த்துப்போன கையால் அவள் முகத்தைக் கழுவினான், முழங்கை வரை கழுவினான், ஈர விரலால் நெற்றி முடியைத் தடவினான். கால் விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகக் கழுவினான்.

அவளால் எழ முடியாது, உட்காரவும் முடியாது. படுத்தபடியே தொழுதாள். குனிய வேண்டிய இடத்தில் இமையைப் பாதி மூடினாள். நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூது செய்ய வேண்டிய இடத்தில் முழுக்க மூடினாள். பிறகு திறந்தாள். நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேசின்களில் கண்டதை விட, மைக்ராஸ்கோப்பில் கண்டதை விட, எனக்கு இது பெரிதாக இருந்தது. அவ்வளவையும் எடுத்த பிறகு ஒரு மனுஷியிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று அந்த இமைகளில் பார்த்தேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு, எத்தனை வக்து விட்டுப்போயிருக்கிறது, கணக்குச் சொல்லுங்கள் என்றாள்.

மயக்கத்தில் போனதைத் திரும்பத் தொழ வேண்டாம், அதற்குக் களா இல்லை என்று நெய்னா மெல்லச் சொன்னான். அவள் விடவில்லை. "மயக்கத்துல போனது உன் கிதாபுல. கோவத்துல விட்டது என் கணக்குல. எல்லாத்தையும் சொல்லு."

நான் எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சகன் கணக்குப் போட்டவன். விரலை மடக்கினேன், கணக்கு வரவில்லை. கண் மறைத்துவிட்டது. நெய்னாதான் முப்பது என்றான்.

"ஒவ்வொரு வக்தோட ஒண்ணு சேத்துத் தொழுதா ஆறு நாளு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிருவேன். அதுக்கப்புறம் இந்தப் பையோட ஊருக்குப் போறதப் பாப்போம்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க? இப்பவே ஒண்ணு ஆரம்பிக்கிறேன், சத்தம் போடாம இருங்க."

அவள் மறுபடி இமையைத் தாழ்த்தினாள். நெய்னா அழுவதற்காக வெளியே போனான். எனக்கு வெளியே போக மனமில்லை. சத்தம் வராமல் அங்கேயே நின்று அழுதேன்.